மெயில் எதில் திறக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரர் சொல்லட்டும்

பிரிண்டர் பேப்பரைப் பிடித்துக்கொண்டது, சிஸ்டம் மெதுவாகிவிட்டது, வைஃபை வரவில்லை. கணினி பழுது பார்ப்பவர்களுக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இவற்றுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, அதனால் சொல்வது சுலபம். கோவில்பட்டியில் நான் நடத்தும் கடைக்குப் பெயர் சொல்ல முடியாத ஒரு புகாரும் அடிக்கடி வரும். "அக்கா, மெயில் ஐடி மேல அமுக்குனா வேற என்னமோ திறக்குது." சிலருக்கு வெள்ளையாக ஒரு சன்னல் வந்து நிற்கும். சிலரிடம் எப்போதோ மறந்துபோன கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும். சிலருக்கு ஒன்றுமே நடக்காது, எத்தனை முறை அமுக்கினாலும் திரை அப்படியே இருக்கும்.

இது சின்ன விஷயம், ஐந்து நிமிட வேலை என்றுதான் என் தொழிலில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆவது உண்மை. சின்ன விஷயம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் காசு கொடுத்து வாங்கி வைத்த பொருள், வீட்டுக்காரர் எழுத நினைத்த கடிதத்தை எந்த நிரலில், எந்தக் கணக்கிலிருந்து எழுத வேண்டும் என்று அவரைக் கேட்காமலே முடிவு செய்கிறது. அந்த முடிவை மாற்றும் வழியை நாலைந்து கதவுகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறது. இதைப் பற்றிப் பொதுவில் பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டு உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு ஜிமெயில் கணக்கு இருக்கிறது. குரோமைத் திறந்து, ஜிமெயிலுக்குப் போய், படித்துப் பதில் எழுதும் பழக்கம் பல வருடமாக உண்டு. ஒரு சங்கத்தின் இணையப் பக்கத்தில் நீல நிறத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியை அழுத்தினார். அவர் ஒருபோதும் பயன்படுத்தாத ஒரு மெயில் நிரல் திறந்து, "கணக்கைச் சேர்க்கவும்" என்றது. அவரும் தன் முகவரியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தார். ஏற்கவில்லை. தப்பாக அடித்துவிட்டோமோ என்று பாஸ்வேர்டை மாற்றினார். மாற்றியதும் போனில் இருந்த மெயிலும் நின்றுபோனது. நான் போனபோது, "நான் எதையும் தொடல தாயி. ஒரு அட்ரஸைத்தான் அமுக்குனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர், செய்யாத குற்றத்துக்குச் சமாதானம் சொல்வதுபோல் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். "சார், உங்க மேல ஒண்ணுமில்ல" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே நேரமாயிற்று.

அவர் வீட்டில் நடந்தது இதுதான். இணையப் பக்கத்தில் இருக்கும் நீல முகவரிக்குப் பின்னால் 'மெயில்டூ' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. மற்ற லிங்குகள் 'எச்டிடிபி' என்று தொடங்குவதுபோல இது 'மெயில்டூ' என்று தொடங்கும். 1994 டிசம்பரில் வெளியான இணைய முகவரிகளுக்கான விதிகளிலேயே இது இடம்பெற்றுவிட்டது. அந்த ஆவணத்தை எழுதியவர்களில் வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீயும் ஒருவர். ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று மட்டும்தான் அந்த லிங்க் சொல்கிறது. எந்த நிரலில் எழுதுவது என்று அது சொல்வதில்லை. அதற்குக் கணினி தன்னிடம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. படம் என்றால் இந்த நிரல், பாட்டு என்றால் இந்த நிரல், மெயில்டூ என்றால் இந்த நிரல் என்று. இதைத்தான் டீஃபால்ட் என்கிறோம். புதுக் கணினி வாங்கும்போதே அந்தப் பட்டியல் நிரப்பப்பட்டு வருகிறது. நிரப்பியவர் நாம் அல்ல.

அந்தக் காலத்து வழக்கத்தில் இதில் குழப்பம் இருக்க வாய்ப்பில்லை. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் அவுட்லுக் எக்ஸ்பிரஸை நினைவு வைத்திருப்பார்கள். மெயில் என்றாலே கணினிக்குள் ஒரு நிரல், அதில் ஒரு கணக்கு, டயல்-அப் போட்டால் கடிதங்கள் வந்து இறங்கும். பிறகு யாகூ, ஹாட்மெயில், ஜிமெயில் என்று எல்லாம் பிரவுசருக்குள் போய்விட்டது. நம் வீடுகளில் பெரும்பாலும் மெயில் என்றால் பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம்தான். கணினியின் பட்டியல் மட்டும் இன்னும் பழைய வழக்கத்திலேயே இருக்கிறது. மெயில் என்றால் கட்டாயம் ஒரு நிரல் இருக்கும் என்று அது எதிர்பார்க்கிறது. 2009இல் வந்த விண்டோஸ் 7இல் மெயில் நிரலே வைக்கவில்லை, தேவைப்பட்டவர்கள் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் அந்த நாட்களில் முகவரியை அழுத்தியவர்களுக்கு, இந்தச் செயலுக்கு எந்த மின்னஞ்சல் நிரலும் இணைக்கப்படவில்லை என்ற ஆங்கில அறிவிப்பு வரும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கே அதில் ஒன்றும் புரிந்ததில்லை.

சரிசெய்வது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பலர் பாதி வேலையைச் செய்துவிட்டு நின்றுபோவதால் இங்கே சற்று நிதானமாகப் போக வேண்டும். ஜிமெயிலைப் பிரவுசரில் பயன்படுத்துபவருக்குப் பட்டியல் ஒன்றல்ல, இரண்டு. முதல் பட்டியல் விண்டோஸிடம் இருக்கிறது, மெயில்டூ வந்தால் எந்த நிரலுக்கு அனுப்புவது என்று. இரண்டாவது பட்டியல் குரோமிடம் இருக்கிறது, மெயில்டூ தன்னிடம் வந்தால் எந்த இணையதளத்துக்கு அனுப்புவது என்று. முதலாவதை மட்டும் மாற்றினால் குரோம் திறக்கும், ஆனால் கடிதம் எழுதும் இடம் வராது. இரண்டாவதை மட்டும் மாற்றினால் குரோமுக்குள் அழுத்தும் லிங்க் சரியாகப் போகும், ஒரு பிடிஎஃப் கோப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ அழுத்தினால் பழைய நிரலே திறக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ் போய், ஆப்ஸ் பகுதியில் டீஃபால்ட் ஆப்ஸ் என்பதைத் திறந்தால், மேலேயே மின்னஞ்சல் என்று இருக்கும். அதை அழுத்திக் குரோமைத் தேர்ந்தெடுத்தால் போதும். 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 இந்த எளிமையை எடுத்துவிட்டது. மின்னஞ்சல் என்ற வரியே இல்லை. அதே டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தில் உள்ள தேடும் பெட்டியில் 'மெயில்டூ' என்று ஆங்கிலத்தில் நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும், அல்லது கீழே உள்ள நிரல் பட்டியலில் குரோமைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தச் சொல் தெரியாதவருக்கு அந்தக் கதவு இல்லவே இல்லை. தலைமையாசிரியர் எப்படி அதைத் தட்டச்சு செய்வார்? நானே இந்தத் தொழிலில் இருப்பதால்தான் அந்தச் சொல்லை அறிவேன்.

அடுத்து குரோம். ஜிமெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு முகவரிப் பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த இரண்டு கட்டம்போல ஒரு சின்னம் இருக்கும். அதை அழுத்தி, மின்னஞ்சல் லிங்குகளை ஜிமெயில் திறக்கலாம் என்று அனுமதி கொடுத்தால் முடிந்தது. சின்னம் தெரியவில்லை என்றால், முன்பு எப்போதோ "வேண்டாம்" என்று அழுத்தியிருப்பார்கள். அப்போது செட்டிங்ஸில் தனியுரிமை, தள அமைப்புகள், கூடுதல் அனுமதிகள் என்று உள்ளே உள்ளே போய், புரோட்டோகால் ஹேண்ட்லர் என்ற இடத்தில் அந்த மறுப்பை நீக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் வேலை கொஞ்சம் நேர்மையானது. செட்டிங்ஸின் பொதுப் பக்கத்திலேயே அப்ளிகேஷன்ஸ் என்ற பட்டியலில் மெயில்டூவும் ஒரு வரியாக இருக்கும், பக்கத்தில் ஜிமெயிலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

மேக் வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. ஆப்பிளின் மெயில் நிரல் வேண்டாம் என்று சொல்வதற்கே அந்த மெயில் நிரலைத் திறந்து, அதன் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். ஐபோனில் 2020 செப்டம்பரில் ஐஓஎஸ் 14 வரும்வரை மாற்றுவதற்கு வழியே கிடையாது. 2007இல் முதல் ஐபோன் வந்தது. நடுவில் ஓடிய 13 வருடங்களை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் முடித்த பிறகும் ஒரு புகார் வரும். "லிங்க் சரியாயிருச்சு. ஆனா ஸ்கேன் பண்ணத மெயில்ல அனுப்புனு கொடுத்தா எரர் வருது." இது வேறு வழி. கோப்பின் மேல் வலது பக்கப் பொத்தானை அழுத்தி மெயிலுக்கு அனுப்பும்போதும், ஸ்கேனர் நிரலில் மெயில் படத்தை அழுத்தும்போதும், கணினி மெயில்டூவைப் பயன்படுத்துவதில்லை. மெயில்டூவில் கோப்பை இணைத்து அனுப்ப விதிப்படி வழியில்லை. அதனால் விண்டோஸில் மேப்பி என்று இன்னொரு பழைய பாதை இருக்கிறது. அந்தப் பாதை கணினிக்குள் நிறுவப்பட்ட நிரல்களோடு மட்டுமே பேசும். பிரவுசரில் திறக்கும் ஜிமெயில் அதன் கண்ணிலேயே படாது. விண்டோஸ் 10உடன் வந்த மெயில் ஆப் கூட அந்தப் பாதையைக் கையாளவில்லை. இதற்கு நான் சொல்லும் தீர்வு, அந்தப் பொத்தானை விட்டுவிடுங்கள் என்பதுதான். ஸ்கேன் செய்ததை டெஸ்க்டாப்பில் சேமித்து, ஜிமெயிலில் புதுக் கடிதம் திறந்து, பேப்பர் கிளிப் படத்தை அழுத்தி இணைத்தால் போகும். அந்தப் பொத்தான் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்குத் தண்டர்பேர்டை நிறுவித் தருகிறேன். இலவசம், 2004இலிருந்து இருக்கிறது, மேப்பியோடும் பேசும்.

தலைமையாசிரியரின் பாஸ்வேர்டு ஏன் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மே 30க்குப் பிறகு, தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து உள்ளே வரும் பழைய மெயில் நிரல்களைக் கூகுள் அனுமதிப்பதில்லை. கூகுளின் சொந்தப் பக்கத்தைத் திறந்து உள்நுழையும் நிரலாக இருக்க வேண்டும், அல்லது இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, அந்த நிரலுக்கென்று 16 எழுத்துகள் கொண்ட தனிப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம், நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய நிரல்கள் இந்தக் காரணத்தைச் சொல்வதில்லை. பாஸ்வேர்டு தவறு என்கின்றன. சரியான பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு மனிதர் அதை மாற்றி மாற்றித் தன் கணக்கையே பூட்டிக்கொள்கிறார். நிறுவனம் ஒரு விதியை மாற்றியது. வயதான ஒருவர் தன் ஞாபகசக்தியைச் சந்தேகப்பட்டார். இது எனக்குப் பொறுக்கவில்லை.

டீஃபால்ட் என்பது வெறும் வசதிக்காக வைத்த ஏற்பாடு, வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். அப்படியானால் அதற்காக இத்தனை வழக்கு நடந்திருக்காது. 1998இல் அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் சேர்ந்து மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கு, 2002 நவம்பரில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டில் முடிந்தது. அந்த உடன்பாட்டின் விளைவாகத்தான் விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக்கில், நிரல் அணுகலையும் டீஃபால்ட்டையும் அமைக்கும் தனிப் பக்கம் வந்தது. பிரவுசர், மின்னஞ்சல் நிரல், பாடல் இயக்கும் நிரல் எல்லாவற்றையும் பயனரே ஓரிடத்தில் தேர்ந்தெடுக்கலாம் என்று அதில் இருந்தது. எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் ஸ்டார்ட் மெனுவில் அதைப் பார்த்திருப்பார்கள். பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது வழக்காடி வாங்கியது என்று தெரியும்?

ஐரோப்பாவில், பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுவதாகக் கொடுத்த வாக்கை மைக்ரோசாஃப்ட் 2011 மே மாதத்திலிருந்து 2012 ஜூலை வரை காப்பாற்றவில்லை என்று, 2013இல் ஐரோப்பிய ஆணையம் 56.1 கோடி யூரோ அபராதம் போட்டது. இன்னொரு எண்ணைச் சொல்கிறேன். போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடுபொறியே டீஃபால்ட்டாக இருப்பதற்காகக் கூகுள் 2021ஆம் ஆண்டில் மட்டும் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்த பணம் 2,630 கோடி டாலர் என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியானது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். மக்கள் மாற்ற மாட்டார்கள் என்பது தெரிந்துதான் இவ்வளவு பணம் கைமாறுகிறது. வசதி என்ற பெயரில் நமக்குக் கொடுக்கப்படும் அந்த இடத்துக்கு அங்கே விலை இருக்கிறது. மெயிலுக்கான இடமும் அதே வரிசையில் உள்ள இடம்தான்.

2024 டிசம்பர் 31க்குப் பிறகு விண்டோஸின் பழைய மெயில் ஆப்புக்கு ஆதரவு முடிந்தது. அதில் கடிதம் அனுப்பவும் பெறவும் முடியாமல் போனது. பயனர்கள் புதிய அவுட்லுக்குக்கு நகர்த்தப்பட்டார்கள். ஐமேப் முறையில் வந்த கடிதங்கள் சர்வரில் அப்படியே இருக்கும், எங்கும் போகாது. அதை அறியாதவர்கள் எல்லாக் கடிதமும் அழிந்ததென்று நினைத்துப் பதறினார்கள். அந்தப் பதற்றத்தை எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்து தணிக்க வேண்டியிருந்தது. புதிய அவுட்லுக்கில் ஜிமெயில் போன்ற வேறு நிறுவனக் கணக்கைச் சேர்த்தால், அந்தக் கடிதங்களின் நகலை மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்கு ஒத்திசைக்கும் வழி அதில் உண்டு. கணக்கைச் சேர்க்கும்போது அதற்கான அறிவிப்பும் காட்டப்படுகிறது. ஆனால் ஒரு முகவரியை அழுத்திய அவசரத்தில், தானாகத் திறந்த சன்னலில், ஆங்கிலத்தில் வந்த அந்த அறிவிப்பைப் படித்துத்தான் நம் ஊர் அத்தை "தொடர்க" என்று அழுத்தினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இன்னொரு வீடு. அம்மா, அப்பா, பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்யும் பையன். வீட்டில் ஒரே கணினி, ஒரே லாகின். நம் பக்கத்து வீடுகளில் இது சாதாரணம். ஆளுக்கொரு கணக்கு போட்டுக்கொள்வதை வீட்டுக்குள் சுவர் எழுப்புவதுபோல நினைப்பார்கள். அந்த அம்மா தன் வைப்புத்தொகை பற்றி ஒரு நிதி நிறுவனத்துக்குப் புகார் எழுத நினைத்து, அவர்கள் பக்கத்தில் இருந்த முகவரியை அழுத்தினார். திறந்த சன்னலில் எழுதினார், அனுப்பினார். பதில் வரவேயில்லை. பல நாள் கழித்துப் பையன், "ஏம்மா, என் ஆபீஸ் மெயில்ல ஒன்னோட டெபாசிட் விவரமெல்லாம் வந்து கெடக்கு" என்றான். டீஃபால்ட்டாக இருந்தது அவனுடைய அலுவலக மெயில் நிரல். அம்மாவின் கணக்கு எண், தொகை, கையெழுத்திட்ட தாளின் படம் அத்தனையும் அவன் அலுவலகத்தின் சர்வர் வழியாகப் போயிருக்கிறது. அவன் வேலைக்கும் அது நல்லதல்ல, அவன் நிறுவனத்தின் விதிகள் அதை ஏற்காது. புகார் கொடுத்தவர் யார் என்பதில் நிதி நிறுவனத்துக்கும் சந்தேகம்.

"அக்கா, நான் எழுதுனது என் பேர்ல போகும்னு தானே நெனச்சேன்" என்றார் அந்த அம்மா. நினைத்ததில் என்ன தவறு? நம் பெயரில் எழுதிய கடிதம் நம் பெயரில் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது படித்தவர்களுக்கு மட்டும் உரிய சலுகையா?

அந்த வீட்டில் செய்ததை எல்லாருக்கும் சொல்கிறேன். விண்டோஸ் இந்தப் பட்டியலை ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறது. அதனால் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், அம்மாவுக்கென்று வேறு பயனர் கணக்கு தொடங்கினேன். அதில் டீஃபால்ட் அவருடைய ஜிமெயில். பையனின் லாகினில் அவனுடைய அலுவலக நிரல். ஒருவர் மாற்றுவது மற்றவரைப் பாதிக்காது. அதற்கு மனமில்லாதவர்கள் குரோமுக்குள் ஆளுக்கொரு புரொஃபைல் போட்டுக்கொள்ளலாம். ஒரே புரொஃபைலில் இரண்டு மூன்று ஜிமெயில் கணக்குகளை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, எந்தக் கணக்கில் முதலில் உள்நுழைந்தார்களோ அதிலிருந்துதான் பொதுவாக லிங்க் திறக்கும். கடிதம் எழுதத் தொடங்கும் முன் 'அனுப்புநர்' வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடத்தில் மெயில் அனுப்பக் கற்றுத்தருகிறவர்கள் இந்த ஒரு வரியையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. மெயில்டூ லிங்கில் கடிதத்தின் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் முன்கூட்டியே வைத்துவிடலாம். 1998இல் வந்த விதி அதற்கு வழி செய்தது. ஆனால் ஆங்கில எழுத்துகளைத் தாண்டிய மொழிகளுக்கு யுடிஎஃப்-8 முறையில் முறையான இடம் கிடைத்தது 2010இல் வந்த திருத்தத்தில்தான். அதில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், லிங்குக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். 'வணக்கம்' என்று தலைப்பு வைத்தால் லிங்குக்குள் அது 63 எழுத்து. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஏற்ற முகவரியின் நீளம் அதிகபட்சம் 2,083 எழுத்து. அந்த அளவுக்குள் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் நிற்கும், தமிழில் நாலு வரி தாண்டாது. பழைய நிரல்களில் அந்த நாலு வரியும் கட்டம் கட்டமாகத்தான் திறக்கும். கோரிக்கை மனுவைத் தமிழில் தயாரித்து லிங்காகப் பரப்பும் இளைஞர்களுக்கு நான் சொல்வது, தலைப்பைச் சின்னதாக வையுங்கள், மனுவைத் தனியாக நகலெடுக்கக் கொடுங்கள்.

உதவி தேடிப் போகும் இடத்தில்தான் பெரிய ஆபத்து. மெயில் திறக்கவில்லை என்று தேடுபொறியில் கேட்பவர்கள் கண்ணில் போலி வாடிக்கையாளர் சேவை எண்கள் படுகின்றன. கூப்பிட்டால் இனிமையாகப் பேசி, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் நிரல் ஒன்றை இறக்கச் சொல்வார்கள். அதன்பின் திரையும் விசைப்பலகையும் அவர்கள் கையில். ஜிமெயிலோ விண்டோஸோ பயன்படுத்தும் வீட்டுக்காரரிடம் இப்படிக் கணினியைக் கேட்பவர் யாரும் நல்லவர் அல்ல. பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. ஒரு செட்டிங்கை ஒளித்து வைப்பதால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு இதுவும் என் பதில்.

நான் கேட்பது அதிகமில்லை. புதுக் கணினியில் முதல் முறையாக ஒருவர் மெயில் முகவரியை அழுத்தும்போது, எதில் திறக்கட்டும் என்று அவருடைய மொழியில் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியில் ஜிமெயில், யாகூ, சோஹோ என்று பிரவுசரில் இயங்கும் மெயில்களும் நிரல்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். "முகவரியை நகலெடு" என்பதும் ஒரு விருப்பமாக இருக்க வேண்டும், பலருக்கு அதுவே போதும். ஒருமுறை அவர் சொன்ன பதிலை எந்த அப்டேட்டும் மாற்றக் கூடாது. ஒரு ஆப்பால் சிக்கல் வந்ததால் டீஃபால்ட்டைப் பழையபடி மாற்றிவிட்டோம் என்று விண்டோஸ் 10 தானாக ஓர் அறிவிப்பு காட்டும். மாற்றலாமா என்று கேட்பதல்ல, மாற்றிய பின் சொல்வது. போட்டி ஆணையம் வைத்திருக்கும் நம் நாடும் இதைக் கேட்கலாம். ஐரோப்பாவில் கேட்டார்கள், நடந்தது.

நிறுவனங்கள் கேட்கும்வரை நம் பக்கத்தில் இருப்பவர்களும் சும்மா இருக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் வீட்டிலேயே கடலை மிட்டாயும் சேவும் செய்து வெளியூருக்கு அனுப்பும் பெண்களுக்கு நான் இணையப் பக்கம் செய்து தருகிறேன். அதில் "எங்களுக்கு எழுத இங்கே அழுத்தவும்" என்ற பொத்தானை வைப்பதில்லை. அழுத்தி ஏமாந்துபோன வாடிக்கையாளர் திரும்பி வந்து புகார் சொல்ல மாட்டார், வேறு கடைக்குப் போய்விடுவார். அரசு அலுவலகப் பக்கங்களில் வேறு வழக்கம் இருக்கிறது. குப்பை மெயில் அனுப்பும் இயந்திரங்கள் பொறுக்கிவிடக் கூடாதென்று முகவரியில் 'அட்' என்றும் 'டாட்' என்றும் அடைப்புக்குறிக்குள் எழுதுகிறார்கள். காரணம் புரிகிறது. ஆனால் அந்த அடைப்புக்குறியோடு அப்படியே தட்டச்சு செய்து, கடிதம் திரும்பி வந்து, கடைக்கு வருபவர்களை நான் பார்க்கிறேன். மனு கொடுக்க வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குச் சமம் இது. அந்த முகவரிக்குக் கீழே, இந்த அடைப்புக்குறிகளை நீக்கி, உரிய குறியையும் புள்ளியையும் போட்டு எழுதவும் என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

கடலை மிட்டாய்ப் பக்கத்தில் மெயில் முகவரியைப் பெரிய எழுத்தில், முழுதாக, கைவைத்துத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கும்படி போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே வாட்ஸ்ஆப் எண். அதற்கும் கீழே கடையின் முகவரி, பின்கோடோடு.